அப்பாவின் கயிற்றுப் பங்கு

அரிப்பு, மன்னார்.
20.11.2018

அன்பு அக்காவுக்கு,

தங்கச்சி கிருஷிகா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவிடம் கேட்கிறோம்.

ரெலிபோனில் "ம்" என்பதைத் தவிர எனக்கு வேறு வாய் வராது என்று உங்களுக்குத் தெரியும். போன ஞாயிறு, அப்பாவுக்கு வரவிருந்த கொடுப்பனவு தடைப்பட்டதால் குவைத்தில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கப் போவதாகச் சொன்னீர்கள். அதற்கும் "ம்" என்றுதான் சொன்னேன். நறுவிலிக்குளத்துப் பூமணி அக்கா நாளை அங்கே பயணம். அவர் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

முதலில் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பிய காசில் வீட்டுத்திட்ட வீட்டின் பின்சுவரும் பூசியாகிவிட்டது. இந்த மாரிக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்ளே வரவில்லை. அப்பா தடியை ஊன்றிக்கொண்டு போய்ச் சுவரைத் தடவித் தடவிப் பார்க்கிறார்.

ஷெல்லில் கால் போனவர்களுக்கான கொடுப்பனவுக்கு அப்பாவின் பெயர் வந்துவிட்டது, இந்த மாதம் தொடங்கும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் கொழும்பில் இரண்டு பேர் தாங்கள்தான் பிரதமர் என்று நிற்கிறார்கள். இங்கே பிரதேச செயலகக் கந்தோர் திறந்துதான் இருக்கிறது. ஆனால் புதிய பெயர்களுக்குக் காசு விடுவதற்கு மேலே ஒருவரும் இல்லையாம்.

விசாரிக்க நான் தனியாகப் போனேன், அக்கா. வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பத்தான் பார்த்தேன். அங்கே கொடுப்பனவு வேலை பார்க்கும் சுபத்திரா மிஸ் கண்டு கூப்பிட்டு, கதிரை போட்டு, தனக்கு வந்த தேத்தண்ணியை எனக்குத் தந்தார். "அப்பான்ரை பைல் என்ரை மேசையிலதான் இருக்கு, பிள்ளை. என்ரை வேலை முடிஞ்சுது. அரசாங்கம் எண்டு ஒண்டு வரட்டும், முதல் ஆளா அனுப்புவன்" என்றார். பிறகு, "எனக்கே அடுத்த மாசச் சம்பளம் வருமோ தெரியாது" என்று சிரித்தார். அவ்வளவு அன்பாகக் கந்தோரில் யாரும் என்னோடு கதைத்ததில்லை.

இதைக் கேள்விப்பட்டு எமிலியானுஸ் சம்மாட்டியார் தன்னுடைய கரைவலையில் பட்ட மீனில் ஒரு பை அனுப்பினார். அப்பா தொடவே இல்லை. "நான் பிச்சை கேட்டனானோ?" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் பையைக் கடற்கரையில் அவருடைய மீன்வாடியில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை சம்மாட்டியாரே படலையில் வந்து நின்று ஏசினார். "கயிறு சுத்த ஆளில்லாமல் நான் கிடந்து முறியிறன். நீ இஞ்ச முகட்டைப் பாத்துக்கொண்டு கிடக்கிறாய். கயிறு சுத்தக் கால் வேணுமோடா?"

நம்முடைய கரையில் கயிற்றில் கை வைத்தவருக்குப் பங்கு இல்லாமல் போகாது. அதைப் பிச்சை என்று அப்பாவால்கூடச் சொல்ல முடியாதே. இப்போது ஒவ்வொரு நாளும் மணலில் இருந்து, இழுத்து வரும் கயிற்றை வளையம் வளையமாகச் சுற்றுகிறார். "சந்தியோகு அண்ணைக்கு ஒரு கால்தானே, அரைப் பங்கு காணும்" என்று வலை இழுக்கும் டிலோஜன் பகிடி விட்டானாம். "உனக்கு மூளையில்லை எண்டு சம்மாட்டியார் பங்கு குறைச்சவரோ?" என்று அப்பா கேட்டாராம். அதை எனக்கு இரண்டு தரம் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் எவ்வளவு காலத்துக்குப் பிறகு பார்க்கிறேன்! சம்மாட்டியார் நன்றாக இருக்க வேண்டும்.

இடம்பெயர்ந்து போய் இப்போது கொண்டச்சிக்குத் திரும்பி வந்திருக்கும் சரீபா ராத்தா எனக்குத் தைக்கப் பழக்குகிறார். பாவாடை தைத்துக் கொஞ்சம் கூலியும் வாங்கிவிட்டேன்.

ஞாயிறு நீங்கள் சொன்னதற்கு அப்பா "உன்ரை விருப்பம், பிள்ளை" என்றார் அல்லவா? ரெலிபோனை வைத்த பிறகு அவர் சாப்பிடவில்லை. இதை எழுதச் சொல்லி அவர் சொல்லவும் இல்லை. நானாகத்தான் எழுதுகிறேன்.

கொடுப்பனவு வரும்போது வரட்டும், அக்கா. உங்கள் காசில்தான் இவ்வளவு நாளும் தலை நிமிர்ந்து இருந்தோம். நீங்கள் அங்கே கிடந்து உழைத்தது இனிக் காணும். நீங்கள் வேலை செய்யும் வீட்டம்மா ஒப்பந்தக் கடதாசியை நீட்டினால் கையெழுத்து வைக்க வேண்டாம். நீங்கள் போகும்போது நான் உங்கள் தோள் அளவுக்கு இருந்தேன். இப்போது எவ்வளவு வளர்ந்திருக்கிறேன் என்று பக்கத்தில் வந்து நின்று பாருங்கள்.

மடு மாதா உங்களைக் கைபிடித்து வீட்டுக்குக் கூட்டி வரட்டும்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்
தங்கச்சி,
கிருஷிகா