நம் தெரு மேட்டில் இல்லை, அப்பா

திங்கட்கிழமை, காலை பத்தரை மணி
ஆபீஸ், மூன்றாம் மாடி

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் நலம் விசாரித்துவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வருவதுதான் முறை. இன்றைக்கு முறையெல்லாம் அப்புறம். புதன் இரவு அணையைத் திறக்கிறார்கள். வியாழன் காலை நம் தெருவுக்குள் தண்ணீர் வரும். நீங்கள் மட்டுமல்ல, தெருவில் இருக்கும் இருபத்து மூன்று வீட்டுக்காரர்களும் புதன் சாயங்காலத்துக்குள் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். இதோடு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். கடைசி வரி வரைக்கும் படியுங்கள்.

காலையில் போனில் இதைத்தான் சொல்ல வந்தேன். "யாரோ உன்ன பயமுறுத்துறாங்கம்மா. உன் மேப்பு தப்பா இருக்காது. போய் வேலையப் பாரு" என்று வைத்துவிட்டீர்கள். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. எதிர்வீட்டு அக்காவுக்கு அடித்தேன். அவர் ஜன்னலைத் திறந்து உங்களிடம் கேட்டுவிட்டு, "ஒண்ணும் இல்லன்னு கைய ஆட்டுறாரும்மா. நீதான் சும்மா பயப்படுறியாம்" என்றார். நீங்கள் எந்தக் காலத்தில் வாய் வார்த்தையை நம்பினீர்கள்! காகிதத்தில் எழுதி, கீழே கையெழுத்து இருந்தால்தான் உங்களுக்கு அது செய்தி. அதனால் எழுதுகிறேன். எங்கள் ஆபீஸ் வேன் அளவுக் கருவிகளை ஏற்றிக்கொண்டு நான்கு மணிக்கு உங்கள் பக்கம் கிளம்புகிறது. டிரைவர் அண்ணன் இன்று இரவு சாப்பாட்டு நேரத்துக்குள் இதை உங்கள் கையில் கொடுத்துவிடுவார். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடைச் சுவரில், தையல் மிஷினுக்கு நேர் மேலே ஒட்டி வைத்திருக்கிறீர்களே, அந்த வெள்ள மேப், அது தப்பு. அதைத் தப்பாகப் போட்டது நான்.

எப்படி என்று கேட்பீர்கள். என் வேலை என்னவென்று நீங்கள் எல்லோரிடமும் "ஏரோப்ளேன்ல இருந்து போட்டோ எடுக்குறா" என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். நான் இதுவரை ஏரோப்ளேனில் ஏறியதே இரண்டு தடவைதான். ரோட்டு ஆபீஸ், தண்ணீர் ஆபீஸ், மின்சார ஆபீஸ், காட்டு ஆபீஸ் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக விமானத்தை அனுப்பிப் படம் எடுக்கிறது. எடுத்ததைப் பீரோவில் பூட்டி வைக்கிறது. ஒரே ஊரை ஒரே வருஷத்தில் மூன்று ஆபீஸ்கள் மூன்று தடவை படமெடுத்திருக்கின்றன. அடுத்தவர் எடுத்தது இவர்களுக்குத் தெரியாது. அந்தப் பூட்டையெல்லாம் கெஞ்சிக் கூத்தாடித் திறக்க வைத்து, படங்களையும் அளவுகளையும் ஒன்றாகச் சேர்த்து, எல்லா ஆபீஸுக்கும் பொதுவாக ஒரே மேப் கொடுப்பதுதான் எங்கள் நான்கு பேர் வேலை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது போல, மேலே இருப்பவர்கள் கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாலும் பீரோ சாவி வைத்திருப்பவர் கொடுக்கமாட்டார்.

வெள்ள மேப்புக்கு இரண்டு கணக்கு தேவை. தெரு எவ்வளவு உயரம் என்பது ரோட்டு ஆபீஸ் கணக்கு. தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்பது தண்ணீர் ஆபீஸ் கணக்கு. தெரு ஒன்பது மீட்டர், தண்ணீர் எட்டு மீட்டர். ஒரு மீட்டர் தப்பித்தோம் என்று நம் தெருவுக்குப் பச்சை வண்ணம் அடித்தேன். ஆனால் ரோட்டு ஆபீஸ் கடல் மட்டத்திலிருந்து அளக்கிறது. தண்ணீர் ஆபீஸ் பழைய பாலத்துக்கு அடியில் நட்டிருக்கும் கல்லிலிருந்து அளக்கிறது. அந்தக் கல்லே கடல் மட்டத்துக்கு இரண்டரை மீட்டர் மேலே இருக்கிறது. அப்படியானால் எட்டு மீட்டர் தண்ணீர் என்பது உண்மையில் பத்தரை. நம் தெருவுக்கு மேல் ஒன்றரை மீட்டர், அப்பா. நீங்கள் நிமிர்ந்து நின்றால் தோள் வரைக்கும் வரும்.

எங்கிருந்து அளந்தீர்கள் என்று எழுத எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. தண்ணீர் ஆபீஸிலிருந்து வந்த படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. முப்பது வருஷமாக அவர்கள் அந்தக் கல்லிலிருந்துதான் அளக்கிறார்கள். வேறு இடத்திலிருந்தும் ஒருவர் அளப்பார் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். மேப்பை மறுநாள் கொடுக்க வேண்டும் என்ற அவசரத்தில், எல்லோரும் கடலிலிருந்துதானே அளப்பார்கள் என்று நானே அந்தக் கட்டத்தை நிரப்பினேன். இன்று காலை அந்தப் போனைப் போட்டபோதுதான் கல் விஷயமே எனக்குத் தெரிந்தது.

டிரைவர் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மணி பதினொன்றுதான் ஆகிறது. வெளியே வெயில் பளீரென்று அடிக்கிறது. இந்த வெயிலைப் பார்த்தால் எனக்கே என்மேல் சந்தேகம் வருகிறது. எழுந்து போய்க் கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். மாறவில்லை.

இனி எழுதப்போவது உங்களுக்குப் பிடிக்காது.

தப்பை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா? மின்சார ஆபீஸ் போன வருஷம் கம்பிகளைப் பார்ப்பதற்காக எடுத்த படங்களை ஒன்பது மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாதுகாப்பு, ரகசியம் என்று இழுத்தடித்தார்கள். வெள்ளிக்கிழமைதான் ஒரு டிஸ்கில் போட்டு அனுப்பினார்கள். சும்மா நம் வீடு தெரிகிறதா என்று பார்க்கலாமே என்று திறந்தேன். தெரு முழுக்கக் காப்பி நிறத்தில் இருந்தது. முதலில் படம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பெரிதாக்கினேன். அது தண்ணீர். நம் வீட்டு மொட்டை மாடியில், தொட்டிக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம். என் ஸ்கூட்டருக்கு நான் வாங்கிய மழை உறை அது. அதற்குக் கீழே இருப்பது உங்கள் மிஷின். பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. அந்தப் புள்ளிக்கு நிழலும் இருந்தது.

படத்தின் மூலையில் தேதி இருக்கிறது. அன்றைக்கு நான் உங்களுக்குப் போன் பண்ணினேன். பண்ணினேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் வாண்டுக்குப் பல் விழுந்ததைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். கூடவே, ஆற்றில் தண்ணீர் அதிகமாமே என்றும் கேட்டேன். "இங்க ஒரு சொட்டு கூட இல்லம்மா. உன் மேப்புல போட்ட மாதிரியேதான் இருக்கு" என்றீர்கள். மொட்டை மாடியில் நின்றுகொண்டா அதைச் சொன்னீர்கள்?

சனியும் ஞாயிறும் இதே நினைப்புதான். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. உங்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. முழங்கால் தண்ணீரில் அந்த இரும்பு மிஷினை இந்த வயசில் தனியாக மாடி ஏற்றியிருக்கிறீர்கள். தெருக்காரர்கள் கேட்டதற்கு, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று சொன்னீர்களாமே! எதிர்வீட்டு அக்கா இன்று காலை உளறிவிட்டார். "மேப்புல பச்சைன்னா பச்சைதான், என் பொண்ணு போட்டது" என்று ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுச் சுவரைக் காட்டினீர்களாம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகுமா? அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே திருத்தியிருப்பேன்.

மணி ஒன்று.

டைரக்டர் அறையிலிருந்து இப்போதுதான் வந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்புதான் என்று எழுதியும் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "திருத்தணும்னா ரெண்டு ஆபீஸும் கையெழுத்துப் போடணும். நாளைக்குக் கூட்டம் போடுறேன். நீ கணக்கோட வா" என்றார். நாளைக்குக் கூட்டம், மறுநாள் கையெழுத்து, அதற்குப் பிறகு புது மேப். அதற்குள் அணையைத் திறந்துவிடுவார்கள்.

உங்கள் ஊர் அதிகாரிக்கும் நேராகப் போன் போட்டேன். புதன்கிழமை ஆட்களை ஏற்ற பஸ் அனுப்பப்போகிறவர் அவர்தான். மரியாதையான மனிதர். பட்டியலைப் பார்த்துவிட்டு, "அந்தத் தெரு பச்சையில இருக்கு மேடம். அரசாங்க மேப்புல வெள்ளம் வரும்னு போடாத தெருவுக்கு நான் பஸ் அனுப்ப முடியாது. மேப்ப யாரு போட்டாங்கன்னு வேணா சொல்லட்டுமா?" என்று என் பெயரையே எனக்குப் படித்துக் காட்டினார்.

நானே கிளம்பி வந்துவிடலாம் என்று பையைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் ஆற்றங்கரையில் இதே தப்பான பச்சையில் இன்னும் ஆறு தெருக்கள் இருக்கின்றன. நாளைக் கூட்டத்தில் அந்தக் கல்லின் கணக்கைச் சொல்ல நான் இல்லையென்றால், தண்ணீர்க்காரரும் ரோட்டுக்காரரும் ஒருவரையொருவர் கை காட்டிவிட்டு டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் நான் இங்கே இருந்தாக வேண்டும். உங்கள் மாப்பிள்ளை புதன் மதியம் காரோடு வருவார். மிஷினைத் தூக்க நீங்கள் கை வைக்கக் கூடாது, அவர் பார்த்துக்கொள்வார். ஆனால் அந்தக் காரில் நாலு பேர்தான் ஏறலாம் அப்பா. தெருவில் எண்பது பேர் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் மேப்பை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. உங்களை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உங்களுக்கு அந்தக் கிளினிக் திரைச்சீலை ஞாபகம் இருக்கிறதா? எனக்குப் பன்னிரண்டு வயசு. உங்களுக்கு உதவுகிறேன் பேர்வழி என்று பத்து ஜன்னலுக்கும் துணியை நானே அளந்து வெட்டினேன். பெட்டியிலிருந்து நான் எடுத்த டேப்பின் முனை கிழிந்து மூன்று அங்குலம் போயிருந்தது. அது மூன்றிலிருந்துதான் ஆரம்பிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பத்துத் திரையும் மூன்று அங்குலம் குட்டை. டாக்டரம்மா வந்து கத்தியபோது, "நான்தாம்மா தப்பா வெட்டிட்டேன், வயசாகுதுல்ல" என்று தலையைச் சொறிந்தீர்கள். உங்களுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நீங்கள் என்னைக் காப்பாற்றியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இன்றைக்கு நினைத்தால், அன்றே என்னைக் கூப்பிட்டு டாக்டரம்மா முன்னால் நிறுத்தியிருக்கலாமே என்று இருக்கிறது. டேப் எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று பார்க்கும் புத்தி அப்போதே வந்திருக்கும்.

மூன்றரை. டிரைவர் அண்ணன் இப்போது வாசலிலேயே நிற்கிறார்.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். இன்று இரவு வேண்டாம், எல்லோரும் தூங்கட்டும். நாளைக் காலை கடையைத் திறப்பதற்கு முன்னால், எதிர்வீட்டு அக்காவில் ஆரம்பித்து மூலை வீடு வரைக்கும் போங்கள். போன வருஷம் வந்தது சாக்கடைத் தண்ணீர் இல்லை, ஆற்றுத் தண்ணீர்தான் என்று சொல்லுங்கள். இந்த வருஷம் அதைவிட ஒரு மீட்டர் அதிகம் வரும் என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்பார்கள். என் பொண்ணு தப்பு பண்ணிட்டா என்று சொல்லுங்கள் அப்பா. நீங்கள் இதுவரை யார் முன்னாலும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. எனக்காக இந்த ஒரு தடவை, இருபத்து மூன்று வீட்டிலும் சொல்லுங்கள். எனக்கு அதில் ஒரு குறைச்சலும் இல்லை. நீங்கள் என்னை மறைத்து வைத்து, அந்த வீடுகளில் ஒருவருக்கு ஏதாவது ஆனால், அதற்கப்புறம் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குள் வருவேன்?

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று துணி வெட்டும்போதெல்லாம் சிரிப்பீர்கள். இந்தத் தடவை சாணும் முழமும்தான் கணக்கு.

வாய் வரவில்லையென்றால் இந்தக் கடிதத்தையே காட்டுங்கள். கூடவே அந்தப் படத்தையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். மஞ்சள் கட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளியைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறேன். சுவரில் இருக்கும் மேப்பைக் கிழிக்காதீர்கள். அதன்மேல், கையெழுத்து தெரிகிற மாதிரி இதை ஒட்டி வையுங்கள். இரண்டும் ஒரே ஆள் போட்டதுதான் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியட்டும்.

மாத்திரைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வாண்டுக்கு அந்தப் பல் முளைத்துவிட்டது. நான் நலம் என்று எழுத மறந்துவிட்டேன். பள்ளிக்கூடத்து மாடியில் நின்றுகொண்டு நீங்கள் எனக்குப் போன் பண்ணும்போது அதைச் சொல்கிறேன். அன்றைக்கு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், ஆசீர்வாதமும் அங்கிருந்தே பண்ணுங்கள். ஆனால் இந்தத் தடவை எங்கே நிற்கிறீர்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மேப்பின் வலது மூலையில் கையெழுத்துப் போட்ட
உங்கள் மகள்