மடிப்புக் கலையாத சட்டை

அன்புள்ள உருண்டையின் அப்பாவுக்கு,

முதலில் ஒன்று. உலை வேலைக்கென்று புதிதாகக் கொடுத்த கம்பளி உள்சட்டை இப்போது உங்கள் உடம்பில் இருந்தால், கழற்றிவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

இங்கே எல்லோரும் நலம். உருண்டைக்குச் சளி விட்டுவிட்டது. கீழே இரண்டு பல் முளைத்து, கண்டவர்களையெல்லாம் கடிக்கிறாள். அத்தையை மட்டும் கடிப்பதில்லை. ஆள் தெரிந்துதான் வைத்திருக்கிறாள்.

போனில் பேசினால் பக்கத்தில் சூப்பர்வைசர் நிற்பார் என்றீர்களே, அதனால்தான் லாரி ஓட்டும் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் அறைத்தோழர் மேல் உலைப்பொறி விழுந்ததை அவர் மனைவி வந்து சொல்லி அழுதாள். மேல்கோட்டில் சின்ன ஓட்டைதானாம். உள்சட்டைதான் தோலோடு ஒட்டிக்கொண்டதாம். உரித்தபோது சதையும் சேர்ந்து வந்ததாம். கம்பளி ஒட்டாதே! பொறி பட்டால் கருகும், உதிரும், தானாக அணைந்துவிடும். அதற்காகத்தானே உலைக்காரர்களுக்கு அதைக் கொடுக்கிறோம்?

மறுநாள் எங்கள் மில் ஆய்வறையில், அந்தச் சட்டைகளுக்கு நாங்கள் நூற்றுக் கொடுத்த நூலின் மாதிரியை எடுத்துக் கொளுத்திப் பார்த்தேன். முடி கருகும் வாடை லேசாகத்தான் வந்தது. நூல் சுருண்டு, உருகி, நுனியில் கடுகுபோல் இறுகிவிட்டது. நசுக்கியும் பொடியாகவில்லை.

இந்த வருடக் கம்பளியில் இழை குட்டை, பலமும் கிடையாது. முறுக்கேற்றும்போதே அறுந்து அறுந்து விழுந்தது. பிறகு திடீரென்று ஒழுங்காக ஓடியது. நூற்பு மேஸ்திரி பாதிக்குப் பாதி நைலான் கலந்திருக்கிறார். ஆய்வறையில் நாங்கள் நூலை இழுத்துப் பார்ப்போம், தடிமன் பார்ப்போம். கொளுத்திப் பார்க்கும் வழக்கமே இல்லை. அதனால் நல்ல கம்பளியைவிட இது நன்றாகவே தேறிவிட்டது.

மேஸ்திரியிடம் கேட்டேன். "அறுபடாம ஓடுதுல்ல, அப்புறம் என்னம்மா?" என்றார். உங்களுக்கும் எனக்கும் ஒரே முதலாளிதான் என்பதையும் சிரித்துக்கொண்டே ஞாபகப்படுத்தினார்.

அறையில் இருக்கும் மற்றவர்களிடமும் சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் என்னைச் சொல்லுங்கள். இந்த வரியை எழுதி, அடித்து, மறுபடி எழுதுகிறேன். வேலை போனால் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் பழைய உள்சட்டை கிழிந்திருக்கும். ஊசிநூல் இத்துடன் வைத்திருக்கிறேன், தைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பதில் எழுத நேரமில்லாவிட்டாலும் பரவாயில்லை. அண்ணன் திரும்பும்போது அந்தப் புதுச் சட்டையைக் கொடுத்தனுப்புங்கள். மடிப்புக் கலையாமல் அது என் கைக்கு வந்தால் போதுங்க.

வாசலைப் பார்த்தபடி இருக்கும்,
உருண்டையின் அம்மா