தலைமாட்டில் ஒரு கடிகாரம்

ஜூன் 3

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கு நலம், அங்கும் அப்படியே என நம்புகிறேன். மகள் ஞாயிறன்று வந்து சேர்ந்தாள். நான்தான் அதிகம் யோசிக்கிறேனோ என்னவோ, மாடிப்படி ஏறும்போது நடுவில் உட்கார்ந்துவிட்டாள். தலை வாரினால் கை ஓய்ந்து சீப்பை மடியில் வைத்துக்கொள்கிறாள். நன்றாகத் தூங்கி எழுந்தும் முகம் வெளுத்தே இருக்கிறது. தாங்கள் தவறாக நினைக்காவிட்டால் ஒரு டாக்டரிடம் காட்டட்டுமா?

தங்கள் பணிவுள்ள,
மாமனார்


ஜூன் 7

மாமாவுக்கு,

அவள் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு வருஷமாக இதே பாட்டுதான். கடையில் பில் போட்டுவிட்டு வந்தால் சோபாவில் சாய்வது, ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ் கட்டியைக் கடிப்பது. சோம்பலுக்கு ஏது மருந்து? அவள் கொண்டுவந்த பையில் அலாரம் கடிகாரம் வைத்திருக்கிறேன். அவள் தலைமாட்டில் வையுங்கள். செல்லம் கொடுக்காமல் இருபதாம் தேதி அனுப்பி வையுங்கள். வீடு போட்டது போட்டபடி கிடக்கிறது.

மாப்பிள்ளை


ஜூன் 12

மாப்பிள்ளை அவர்களுக்கு,

பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். மாப்பிள்ளைக்கு எப்படி எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மனம் ஆறவில்லை.

தங்களைக் கேட்காமலே அழைத்துப் போனேன். தூக்கம், பசி, எடை, படபடப்பு என்று டாக்டரம்மா வரிசையாகக் கேட்டார். மாதவிலக்கைப் பற்றிக் கேட்டதும் நான் வெளியே போய் நின்றுகொண்டேன். திரும்பக் கூப்பிட்டபோது, தாங்கள் எழுதிய ஐஸ் விஷயத்தைச் சொன்னேன். ரத்தம் குறைந்தால் அப்படி ஐஸ் கடிக்கத் தோன்றுமாம்; உடனே அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். காகிதம் மாதிரி வெள்ளை. பரிசோதனை செய்ததில், ரத்தத்தில் இருக்க வேண்டிய சத்தில் பாதிதான் இருக்கிறதாம். கர்ப்பப்பையில் கட்டி, அதனால் மாதாமாதம் ரத்தம் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. ரத்தம் ஏற்றி, மாத்திரையும் கொடுத்தார்கள்.

"களைப்புக்கு எத்தனையோ காரணம் இருக்கும்மா. ரெண்டு மூணு வாரம் ஓய்வெடுத்தும் போகலைன்னா வந்து காட்ட வேண்டாமா? படி ஏறினா மூச்சு வாங்குதுன்னா அன்னிக்கே வரணும். ஒரு வருஷமா என்ன பண்ணிட்டிருந்தே?" என்றார் டாக்டரம்மா.

"நான் சோம்பேறின்னு நெனச்சேன் டாக்டர்" என்றாள் என் மகள்.

இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? ஐஸ் கடிப்பது வரை கவனித்து எழுதத் தெரிந்த தங்களுக்கு, உனக்கு என்ன செய்கிறது என்று ஒரு தரம் கேட்கத் தெரியவில்லையா?

மாமனார்


ஜூன் 16

மாமாவுக்கு,

மாத்திரையை இங்கே இருந்தும் விழுங்கலாம். இருபதாம் தேதி என்றால் இருபதாம் தேதிதான். கடிகாரத்தையும் மறக்காமல் கொடுத்தனுப்பவும்.

மாப்பிள்ளை


ஜூன் 19

மாப்பிள்ளைக்கு,

கட்டியை எடுக்க ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். உங்கள் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "நான் போகலைப்பா. நீங்களே எழுதிடுங்க" என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள்.

இந்தத் தடவை ஒரு தாளைக்கூடக் கிழிக்கவில்லை. பயம் இல்லை.

கடிகாரத்தைத் துணியில் சுற்றிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் தூங்குகிறாள். நான் எழுப்பப்போவதில்லை.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா