செவ்வாய்க் கிரகத்து மடைச் சண்டை

பாய்,

நேற்று மத்தியானம் தபால்காரர் ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆஸ்திரேலியத் தபால்தலை, உள்ளே நம் கதை இதழ். வழக்கம்போல உம்முடைய பெயரும் என்னுடைய பெயரும் சேர்ந்தே இருந்தன. நான்கு மூலையிலும் கறுப்பு மை. என் வீட்டுக்காரி வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்க காயிதம் எழுதலைலா? கறுப்பு தடவி அனுப்பியிருக்காரு பாருங்க" என்று என்னிடம் நீட்டினாள். இதே மாதிரி உறையைப் பார்த்து ஒரு காலத்தில் அவள் போட்ட சத்தம் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். நீர் போன பிறகு அந்த இதழை நினைத்து நான் சிரித்தது இதுதான் முதல் தடவை.

கறுப்பு மையின் அர்த்தம் நமக்குத் தெரியும். இந்தத் தடவையும் கடிதம் போகாவிட்டால் இனி இதழ் வராது. நீர் இல்லாமல் நான் தனியாக அந்த ஆசிரியருக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதவா, அப்படியே விட்டுவிடவா என்று ராத்திரி முழுக்கத் தடுமாறினேன்.

மேலப்பாளையத்தில் உம்முடைய கடைக்கு நான் கைலி எடுக்கத்தான் வந்தேன். நீர் கல்லாவில் உட்கார்ந்து, ஓரத்தில் பின் அடித்த ஒரு தாள் கட்டைப் படித்துக்கொண்டிருந்தீர். அட்டையில் ராக்கெட். "என்ன பாய், ராக்கெட் போட்டுக் கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டேன். நீர் தலையைத் தூக்காமலே பதில் சொன்னீர்.

"கல்யாணப் பத்திரிகை இல்லவே, கதைப் பத்திரிகை. கடையில கிடைக்காது. கதைப் பைத்தியங்களே எழுதி, அவனுவளே அச்சடிச்சு, அவனுவளே பின் அடிச்சு அனுப்புதானுவ."

துபாயில் நீர் வேலை பார்த்த முகாமில், ஓர் ஆஸ்திரேலிய எஞ்சினியர் அறையைக் காலி செய்தபோது போட்டுவிட்டுப் போன கட்டு அது. இந்த மாதிரி இதழுக்கு ஃபேன்சீன் என்று பெயர் என நான் முதலில் கேட்டது கைலிகளுக்கு நடுவில்தான். மின்வாரிய ஆபீசில் ஃபைல் தள்ளிக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் வேற்றுக்கிரகக் கதை படிக்கிறவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்குக் கைலி எடுக்க மறந்தே போனேன்.

கடைசிப் பக்கத்தில் ஒரு அறிவிப்பு இருந்தது. இந்த இதழுக்குச் சந்தா கிடையாது, படித்துவிட்டு அபிப்பிராயம் எழுதுகிறவர்களுக்கு அடுத்தது வரும், எழுதாதவர்களுக்கு வராது. நீர் நம்பவில்லை. "காசு வாங்காம எவம்வே கடல் தாண்டி அனுப்புவான்? இதுல ஏதோ இருக்கு" என்றீர். இருந்தாலும் எழுதச் சொன்னீர். நான் எனக்குத் தெரிந்த ஆபீஸ் இங்கிலீஷில், மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் இதழ் மிகவும் நன்று, அடுத்த இதழை அனுப்பி உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறோம் என்று விண்ணப்பமே போட்டுவிட்டேன். மின் இணைப்புக் கேட்பது மாதிரி.

இதழ் வந்தது. உள்ளே ஒரு துண்டுத் தாளில் ஆசிரியர் கைப்பட எழுதியிருந்தார்: "நன்றி. எது பிடிக்கவில்லை?"

நீர் கல்லாவை விட்டு எழுந்து நின்றுவிட்டீர். "அப்படிக் கேளு! எவ்வளவு கிடக்கு!" உமக்குப் பிடிக்காதது, செவ்வாய்க் கிரகத்தில் அணை கட்டி ஊர் அமைக்கும் கதை. "பாபநாசத்தைவிடப் பெருசா அணை கட்டிட்டான், சரி. தண்ணியும் வந்துட்டு. மடையை எவன் தொறக்கணும்னு ஒரு வரி எழுதலியேவே? கடைமடைக்காரன் மம்பட்டியைத் தூக்கிட்டு வரமாட்டானா?" வானத்துக்குப் போனவர்களுக்கு இந்தச் சண்டை எல்லாம் இருக்காது என்றேன் நான். "எங்கன போனாலும் தண்ணி பள்ளத்துக்குத்தாம்வே ஓடும்" என்றீர். உம்முடைய கட்சி பாதி, என்னுடைய கட்சி பாதி என்று அப்படியே எழுதி அனுப்பினோம்.

அதற்கப்புறம் நடந்த கூத்தை எப்படிச் சொல்ல? இதழின் கடிதப் பக்கத்தில் ஃபின்லாந்துக்காரர் ஒருவர் உம் கட்சி. கனடாவில் ஓர் அம்மாள் என் கட்சி. தாமிரபரணித் தண்ணீர்ச் சண்டையைச் செவ்வாயில் வைத்து உலகமே அடித்துக்கொண்டது. ஆபீசில் யாரும் என்னிடம் ஓர் அபிப்பிராயம் கேட்டதில்லை, பாய். அங்கே ஊர் பேர் தெரியாதவர்கள் என் அபிப்பிராயத்தை எதிர்த்து இரண்டு பக்கம் எழுதினார்கள். அந்த சந்தோஷத்துக்கு ஈடு எதுவும் இல்லை.

அப்புறம் உம் மகள் கல்யாண வேலையில் இரண்டு இதழுக்கு நாம் எழுதவில்லை. அப்போதுதான் முதன்முதலாக அந்தக் கறுப்பு உறை வந்தது. எங்கள் வீடுகளில் மூலையில் கறுப்பு தடவிய கடிதம் என்றால் சாவுச் செய்தி. "எழவு காயிதத்தை உள்ள கொண்டு வராதீக! வாசல்லயே படிச்சுக் கிழிச்சுப் போட்டுட்டுத் தலைக்கு ஊத்திட்டு வாங்க!" என்று என் வீட்டுக்காரி தெருவே கேட்கக் கத்தினாள். நான் கிழிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு உம்மிடம் ஓடி வந்தேன்.

உள்ளே இதழ் முழுசாக இருந்தது. நீர் கண்ணை மூடி துஆ ஓதினீர். "இதழை முடிச்சு வச்சுட்டு மௌத்தாயிட்டாரு மனுசன். சம்சாரம் தபால்ல போட்டிருக்கு" என்றீர். நான் ஆமாம் ஆமாம் என்றேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அந்த அம்மாவுக்கு இரங்கல் கடிதம் எழுதினோம். நீர் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதினேன். எது பிடிக்கவில்லை என்று எங்களிடம் கேட்ட முதல் ஆள் உங்கள் கணவர்தான் என்று நீர் சொன்ன இடத்தில், இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

அடுத்த இதழின் முதல் பக்கத்திலேயே அந்தக் கடிதம்! கீழே ஆசிரியர் எழுதியிருந்தார்: "நான் நலம். கடிதம் எழுதாத சோம்பேறிகளின் உறையில் கடைசி எச்சரிக்கையாகக் கறுப்பு தடவுவது என் வழக்கம், இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறேன். இவ்வளவு நல்லவரா நீங்கள் என்று என் மனைவி கேட்கிறாள்." நீர் சிரித்த சிரிப்பில் கைலி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பயந்து வெளியே போனார்கள். "உசுரோட இருக்கவனைக் கொன்னுட்டோமேவே!" என்று அந்த வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தீர்.

உம்மை மையவாடியில் வைத்து மண் தள்ளிவிட்டு வந்த பிறகு நான் ஏன் எழுதவில்லை என்றால், இதனால்தான். உயிரோடிருந்தவருக்கே இரங்கல் எழுதியவர்கள் நாம். நீர் போய்விட்டீர் என்று எழுதினால் அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். உம்முடைய சாவைக் கேட்டு ஒருவர் சிரிப்பார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

இன்று காலை சும்மா புரட்டலாம் என்று இதழை எடுத்தேன். தலைமுறை தலைமுறையாக விண்கலத்திலேயே வாழும் ஜனங்களைப் பற்றி ஒரு கதை. அங்கேயே பிறக்கிறார்கள், கல்யாணம் செய்கிறார்கள், சாகிறார்கள். மூன்றாவது பக்கத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை பேருக்கும் துணி எங்கிருந்து வருகிறது? பஞ்சு எங்கே? தறி எங்கே? கிழிந்தால் எவன் தைப்பான்? எப்போதும் கதையை நீர் அடிப்பீர், எழுதியவரை நான் காப்பாற்றுவேன். இன்றைக்கு நானே அடித்தேன். பேனா நிற்கவில்லை, நான்கு பக்கம் போயிற்று.

கடைசியில் செய்தியைச் சொன்னேன். என் நண்பர் இறந்துவிட்டார், இந்தத் தடவை நிஜம், நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, முதலில் சிரித்திருக்கக்கூடியவர் அவர்தான் என்று எழுதினேன். உறையில் இரண்டு பெயரும் அப்படியே இருக்கட்டும் என்றும் கேட்டிருக்கிறேன். பாளையங்கோட்டைத் தலைமைத் தபாலாபீசுக்குப் போய்த் தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன்.

கதை எழுதுகிறவர்கள் பக்கம் பேச இனி ஆள் இல்லை, பாய். அது அவர்கள் பாடு.