ஏழு வருடக் காலேஜ்

கான்சாஸ்
9 பிப்ரவரி 2017

அன்புள்ள அம்மாவுக்கு,

நம் ஊரில் அரசு இன்டர்நெட்டை நிறுத்திய பிறகு உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. போனிலும் மனம்விட்டுப் பேச முடியவில்லை, யாரோ கேட்கிறார்கள். அதனால் இதை இன்டர்நெட் இன்னும் ஓடும் டுவாலாவில் இருக்கும் எவலின் அக்காவுக்கு ஈமெயிலில் அனுப்புகிறேன். அவள் அச்செடுத்து பமெண்டா பஸ்ஸில் கொடுத்துவிடுவாள்.

நன்றாகச் சாப்பிடுகிறேன். ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். நான் இங்கே கூடைப்பந்து அணியில் இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் தகுதியைப் பார்க்கும் அலுவலகம் கேள்விகள் அனுப்பியது. இதற்கு முன் காலேஜில் படித்தாயா, காலேஜ் அணியில் கூடைப்பந்து ஆடினாயா என்று கேட்டிருந்தார்கள். ஏழு வருடம் படித்தேன், ஏழு வருடமும் ஆடினேன், கடைசி இரண்டு வருடம் கேப்டன் என்று பெருமையாக எழுதினேன். நமக்குப் பதினோரு வயதில் சேரும் கன்னியர் பள்ளிதானே காலேஜ். இவர்களுக்கு அது பள்ளியெல்லாம் முடித்த பிறகு போகும் இடம். அங்கே ஒருவர் வருடத்துக்கு ஒன்றாக நான்கு பருவம்தான் ஆடலாம்.

கோச் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதுபடி பாத்தா நீ எப்பவோ ஆடி முடிச்சு ரிட்டையர் ஆயிட்டே பொண்ணு. உனக்கு வயசு பதினெட்டா, முப்பதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

தகுதி இல்லை என்றால் உதவித்தொகை இல்லை. அது போனால் விசாவும் போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நான் சொல்வதை ஏற்க மாட்டார்களாம். அது பள்ளிதான் என்று நம் காலேஜ் தலைவி மதர் பெனடிக்டாவிடம் ஒரு கடிதம் வாங்கி அனுப்புங்கள்.

உங்கள் மகள்
மன்கா


பமெண்டா, கேமரூன்
21 பிப்ரவரி 2017

என் அருமை மகள் மன்காவுக்கு,

ஆண்டவர் உன் கூடவே இருக்கட்டும். உன் கடிதத்தை பஸ் டிரைவர் தன் இருக்கைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு வந்து கொடுத்தான்.

நம் காலேஜை வெறும் பள்ளி என்று எழுதி வாங்கச் சொல்கிறாய். அங்கே எனக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்த ஐரிஷ் கன்னியர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ. ஆனாலும் மறுநாளே போனேன். கேட்டில் சங்கிலி போட்டிருக்கிறது. கன்னியர் எல்லோரும் போய்விட்டார்கள், எங்கே என்று யாரும் சொல்லவில்லை. வாட்ச்மேன் என் முகத்தைப் பார்க்காமலே பேசினான். "இங்க நிக்காதீங்க மாமி. நேத்து இப்படித்தான் நின்னு பேசிட்டிருந்தவங்கள லாரியில ஏத்திட்டுப் போனாங்க."

பக்கத்து வீட்டு துமாசாங்கின் மகனையும் சிப்பாய்கள் கொண்டுபோய்விட்டார்கள். பிரெஞ்சு பேசும் அரசு நம் பள்ளிகளிலும் நீதிமன்றங்களிலும் பிரெஞ்சைத் திணிக்கக் கூடாது, ஆங்கிலமே வேண்டும் என்று ஊர்வலத்தில் கத்தினானாம். அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. அவன் அம்மா தினமும் சோறு கட்டிக்கொண்டு ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போய் நிற்கிறாள். உன் வயதுப் பிள்ளைகள் யாரும் இரவில் தங்கள் வீட்டில் படுப்பதில்லை.

நீ இப்போது இங்கே வரக் கூடாது. வேறு வழி இருக்கிறதா என்று கேள்.

அம்மா


கான்சாஸ்
8 மார்ச் 2017

அன்புள்ள அம்மாவுக்கு,

வழி ஒன்று இருக்கிறது. எழுதவே கை வரவில்லை.

நம் பாஸ்போர்ட்டில் பிரெஞ்சு இருப்பதைப் பார்த்து, எனக்கு ஆங்கிலம் தெரியாது என்றே அலுவலகம் முதலில் நினைத்ததாம். கோச், "அதையே புடிச்சுக்குவோம்" என்கிறார். "கேள்வி புரியாம பதில் எழுதிட்டேன்னு சொல்லு. ஆரம்ப ஆங்கில வகுப்புல ஒரு டெர்ம் உக்காரு. பழைய பதில ரத்து பண்ணச் சொல்லிக் கேப்போம். ரோஷத்தப் பாத்தா ஊருக்குப் பிளைட்டுதான்."

வீட்டில் ஆங்கிலம் பேசுவதில்லை, மகளுக்கு அது சரியாக வராது என்று நீங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும். மாத முடிவுக்குள் வர வேண்டும்.

உங்களிடம் போய் இதைக் கேட்கிறேனே. துமாசாங் மாமாவுக்குத் தெரிந்தால் என் முகத்தில் துப்புவார். வேண்டாம் என்றால் எழுதாதீர்கள் அம்மா. நான் வந்து உங்களோடு இருந்துகொள்கிறேன்.

மன்கா


டுவாலா
20 மார்ச் 2017

மன்காவுக்கு,

எழுதிவிட்டேன். முதலில் ஒழுங்கான ஆங்கிலத்தில் எழுதினேன். படித்துப் பார்த்தபோது, இதை எழுதியவளின் மகளுக்கா ஆங்கிலம் வராது என்று தோன்றியது. கிழித்துப்போட்டு மறுபடி உட்கார்ந்தேன். காலங்களைக் குழப்பினேன். பன்மை வர வேண்டிய இடத்தில் ஒருமை வைத்தேன். மகள் என்ற சொல்லில் ஓர் எழுத்தை விட வேண்டியிருந்தது. அதற்குத்தான் நேரமாயிற்று.

டிரைவர் இனிமேல் கடிதம் வாங்க மாட்டேன் என்றான், அதனால் நானே கொண்டுவந்தேன். வழியில் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டினார்கள். கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த சிப்பாய் ஒருவன் கடிதத்தைப் பிரித்துப் பஸ் முழுவதற்கும் கேட்கும்படி வாசித்தான். "ஏம்மா, இதுக்குத்தானா உங்க ஊர்ல இவ்வளவு சண்டை? உனக்கே இங்கிலீஷ் வரலையே." கோயிலில் நான் ஞாயிறு வாசகம் வாசிப்பதைக் கேட்பவர்களும் பஸ்ஸில் இருந்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை.

"ஆமா சார், நான் பெருசா படிக்கல" என்றேன். உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

எவலின் அதை உன் கோச்சுக்கு அனுப்பிவிட்டாள். வகுப்பில் மெதுவாகப் பதில் சொல். முதலில் கை தூக்காதே.

உன் கடிதங்களை அடுப்பில் போட்டுவிட்டேன். அவை மிக நல்ல ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தன. யார் கையிலாவது கிடைத்தால் உனக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து. இனி எழுதாதே. நாளைக் காலை ஊருக்குத் திரும்புகிறேன். நான் நலமாக இருக்கிறேன் என்றே வைத்துக்கொள்.

அம்மா


கான்சாஸ்
2 மே 2017

அண்புள்ள அம்மா,

எளுதாதே சொன்னீங்க. இது யார் கைல கெடச்சாலும் பயம் இல்ல.

அவுங்க ஒத்துகிட்டாங்க. ஏலு வருசம் ரத்து ஆச்சி. அடுத்த பருவம் நா ஆடுது. வகுப்புல கடசி பெஞ்ச், கை தூக்கறது இல்ல.

இன்டர்நெட் வந்துருச்சாம். எவலின் அக்கா தெனம் போன் போடுது, நீங்க எடுக்கல. கோயிலுக்கும் வரலன்னு சொல்றாங்க.

ஒரு வரி போடுங்க அம்மா. தப்பா போடுங்க, போதும்.

உங்க மகல்
மன்கா