ஆள் மாறிப்போச்சு, அங்கிள்

என் அன்பு அப்பாவுக்கு,

பட்டம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கிள்ளானில் நம் வீட்டில்தான் இருக்கிறேன். அம்மா நலம். வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. என்ன வேலை என்று உங்களிடம் சொல்வதற்குத்தான் இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன்.

நம் தாமான் குடியிருப்பு முழுக்க, "எம்பொண்ணு லண்டன்ல மீடியா மாஸ்டர்ஸ் படிக்கிறா" என்று சொல்லி வைத்திருந்தீர்கள். நான் படித்தது லண்டனே இல்லை. வடக்கே, மழை விடாத ஒரு சின்ன ஊர். "அந்த ஊர் பேரு யாருக்கும் தெரியமாட்டேங்குதும்மா. லண்டன்னு சொல்லிட்டா கேள்வி இல்ல" என்று ஃபோனில் சொன்னீர்கள். இருவரும் சிரித்தோம். நான் திரும்பி வந்து டி.வி.யில் செய்தி வாசிப்பேன் என்றும் சொல்லியிருந்தீர்களாமே? அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அங்கே முதல் சில மாதங்கள் வகுப்பில் வாயே திறக்கவில்லை. நான் பேசினால் இரண்டாம் முறை சொல்லச் சொல்வார்கள். வெளிநாட்டு மாணவர்கள் நாங்கள் ஒரு மூலையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருப்போம். அப்போதுதான் வீட்டை நினைவூட்டும் ஓர் ஒலியை வைத்து நிகழ்ச்சி செய்யச் சொன்னார்கள். நீங்கள் ஃபோனை டாஷ்போர்டில் வைத்து, காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போவதைப் பதிவு செய்து அனுப்பினீர்கள். பிள்ளைகளின் கூச்சல், ஹாரன், நடுவில் "டுடோக் பாய்க்-பாய்க் லா, ஒழுங்கா உக்காரு, விழுந்துடப் போற" என்று உங்கள் அதட்டல்.

வகுப்பில் அதைப் போட்டுவிட்டு, "இது என் அப்பா, பள்ளி வேன் ஓட்டுகிறார்" என்று நிமிர்ந்து நின்று சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். அங்கே அதைச் சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது!

நீங்கள் போனபோது ஓடி வந்து, காரியம் முடித்து, அழுதுகொண்டே திரும்பிப் போய்ப் படிப்பை முடித்தேன். ஊருக்கு வந்த பிறகு கொமியூட்டர் ரயில் ஏறி கோலாலம்பூருக்கு எத்தனையோ நேர்காணலுக்குப் போனேன். ஓர் இடத்தில், "இவ்ளோ படிச்சவங்களுக்குக் குடுக்க எங்ககிட்ட வேல இல்ல லா" என்றார்கள். இன்னோர் இடத்தில் என் பட்டத்தைப் பார்க்கவே இல்லை. "உங்களுக்கு ஃபாலோவர்ஸ் எத்தன பேரு?" என்று மட்டும் கேட்டார்கள்.

இப்போது நம் லிட்டில் இந்தியாவில், பத்மா அக்காவின் சேலைக் கடையில் இருக்கிறேன். ஃபோன் கேமரா முன்னால் நின்று, ஒவ்வொரு சேலையாக விரித்துக் காட்டி, லைவில் விற்க வேண்டும். "கடைசி பீஸ் அக்கா, சீக்கிரம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்ஆப் பண்ணுங்க." பத்மா அக்கா நல்லவர். வேலையிலும் குறையில்லை. ஆனால் நான் முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டேன். தூசி ஒத்துக்கொள்ளாது என்று அக்காவிடம் சொன்னேன். லைவில் என் பெயர் ஸ்வேதா.

தீபாவளிக்கு முந்தைய வாரம், கடையில் நிற்க இடமில்லை. முனியாண்டி அங்கிள், தேவி ஆன்டியோடு வந்திருந்தார், மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க. அதே பள்ளிக்கு வேன் ஓட்டி, தினமும் உங்களோடு தோசை தின்ற அதே அங்கிள்தான். நான் அவரைக் கவனிக்கவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, கடை அதிரக் கூப்பிட்டார்.

"நம்ம ராஜு மக சுமதிதானே! லண்டன்லேர்ந்து எப்பம்மா வந்த?"

லைவில் கமெண்டுகள் ஓட ஆரம்பித்தன. லண்டனா? லண்டன்ல படிச்சிட்டா இங்க சேல விக்கிது? சிரிக்கும் முகங்கள் வரிசையாக ஏறின.

"ஆள் மாறிப்போச்சு, அங்கிள்" என்றேன்.

அவர் விளையாட்டு என்று நினைத்துவிட்டார். "மாஸ்க் போட்டா எனக்குத் தெரியாதா? வேன் ராஜு மகதானே நீ?"

"இல்ல அங்கிள். அவரு யாருன்னே எனக்குத் தெரியாது."

அப்பா, நான்தான் அப்படிச் சொன்னேன். அவர் என் கண்ணையே பார்த்தார். பிறகு முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வதுபோல, "சாரிம்மா" என்றார். சேலை எதையும் பார்க்காமல் ஆன்டியைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் அடுத்த சேலையை எடுத்து விரித்தேன். "இது மயில்கழுத்து கலரு, அக்கா" என்று என் குரல் பாட்டுக்குப் பேசியது.

தீபாவளி கழிந்து அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தண்ணீர்க் குழாயை மூடினார்.

"மாஸ்க் போடாம வந்திருக்க" என்றார்.

மன்னிப்புக் கேட்கப் போனவள், அழ மட்டும் செய்தேன். ஆன்டி மைலோ கலக்கிக்கொண்டு வந்து வைத்தார். அப்படியே உள்ளே போய்விட்டார்.

"செய்ற வேலைக்கு ஏன் வெக்கப்படுறன்னு நான் கேக்கமாட்டேன்" என்றார் அங்கிள். "டிகிரி முடிச்சிட்டு என் மூத்தவன் சாப்பாடு டெலிவரி பண்றான். ரோட்டுல என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறான். வெக்கம் வரத்தான் செய்யும். ஆனா அவரு யாருன்னே தெரியாதுன்னியேம்மா. வீடு வர்ற வரைக்கும் ஒங்க ஆன்டி அழுதுக்கிட்டே வந்தா."

பிறகு அவரே சொன்னார். "நீ அங்க படிக்கிறப்பவே ஒங்கப்பாவுக்கு நெஞ்சு முடியல. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப எல்லாம் என் வேன்லதான் போவான். 'பாப்பாவுக்குச் சொல்லிடாத, படிப்ப விட்டுட்டு ஓடி வந்துடுவா'ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டான்."

திடீர் நெஞ்சுவலி என்றுதானே எல்லோரும் என்னிடம் சொன்னார்கள்? அம்மாவும் அதைத்தானே சொன்னார்?

கிளம்பும்போது அங்கிள் கேட் வரை வந்தார். "கல்யாணத்துக்கு வா. வேன்காரங்க எல்லாரும் வருவாங்க. நீ யாருன்னு நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். நீயே சொல்லிக்க."

மன்னித்துவிட்டாரா? தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

மறுநாளே மாஸ்க்கைக் கழற்றிவிட்டேன். லைவில் பெயர் மட்டும் இன்னும் ஸ்வேதாதான். சுமதி என்று சொல்ல நாக்கு எழவில்லை. அதை உங்களுக்கு எழுதும்போதே கூசுகிறது. அதைவிட ஒரு கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது. அன்றைக்குக் கூட்டத்தில் அங்கிளுக்குப் பதில் நீங்களே வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால், உங்களிடமும் ஆள் மாறிப்போச்சு என்றுதான் சொல்லியிருப்பேனா?

வரும் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். போவேன். பந்தியில் யாராவது, "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா, என்ன செய்ற?" என்று கேட்பார்கள். நம் ஆட்கள் கேட்காமல் விடுவார்களா? சேலை விற்கிறேன் என்று சொல்வேன். வேன் ராஜு என் அப்பா என்றும் சொல்வேன். குரல் நடுங்கினாலும் மாற்றிச் சொல்லமாட்டேன், அப்பா.

உங்கள் மகள்தான்,
சுமதி