நாலாவது நிரல்

நோத்ர-டாம்-த-கிரேஸ், மொன்றியல்
16.11.2025

அன்பு மகள் கஜந்தினிக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், நீயும் போர் தின்ற அந்த ஹோம்ஸ் நகரில் சுகமாய் இருக்கிறாய் என்று எண்ணிக்கொண்டுதான் ஒவ்வொரு காலையும் மெட்ரோ ஏறுகிறேன். தொலைபேசியில் நீ கதைக்கும்போது பக்கத்தில் ஆட்களின் சத்தம் கேட்கும், எனக்கும் வாய் வராது, அதனால் விடுமுறை முடிந்து உன் அலுவலகத்துக்குத் திரும்பும் மாக்கிரட்டிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். மிளகாய்த்தூளும் இரண்டு சோடி கம்பளிக் காலுறையும் உண்டு. இங்கே பனி விழத் தொடங்கிவிட்டது, அப்பாவுக்கு முழங்கால் நோ, கேட்டால் இல்லை என்பார்.

மூலைக்கடை நபீல் ஹோம்ஸ்காரர் என்று உனக்குத் தெரியும். போன மார்கழியில் அந்த நாட்டுச் சர்வாதிகாரி தப்பி ஓடிய அன்று கடைக்கு வந்த எல்லோருக்கும் பக்லாவா இனிப்புக் கொடுத்தார், அவருடைய தமையன் அந்த ஆளின் சிறையில் செத்தவர். ஆனால் நபீல் குடும்பமும் ஓடியவனைப்போல அலவி என்ற சிறுபான்மைச் சமூக ஆட்கள், இப்போது குற்றம் சொல்ல அதுவே போதும். அங்கே அவருடைய தங்கச்சி வீட்டார் பயத்தில் தங்கள் வாசல் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்களாம். குண்டு போட எத்தனை நாட்டு விமானங்கள் வந்தன, இனி எங்களைக் காக்க யார் வருவார் என்று கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டு, அன்றைக்குத் தின்ற பக்லாவாவைத் திருப்பித் தாருங்கள் மதாம் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தத் தங்கச்சி ஒரு நாள் உன் மேசைக்கு வரலாம். வீடு திருத்தும் உதவிக்காக நீ குடும்பங்களைப் பதிகிறாய், பெயர், முகவரி, ஆட்தொகை, நாலாவது நிரலில் இனம். ஒருத்தரும் விடுபடக்கூடாதெண்டுதான் கேக்கிறம் அம்மா என்று போன கிழமை சொன்னாய். உன்னை நம்புகிறேன். தாளை நம்பவில்லை.

1987இல் எனக்குப் பத்து வயது. சமாதானம் காக்கவென்று வெளிநாட்டுப் படை ஊரில் எங்கள் சின்ன ஒழுங்கைக்குள் வந்தபோது, கலியாண வீட்டுக்கு வைப்பதைப்போல உன் அம்மப்பா வாசல் படலையடியில் நிறைகுடம் வைத்து விளக்கேற்றினார். வந்த அதிகாரி தேத்தண்ணி குடித்துவிட்டு, அரிசியும் பால்மாவும் கொடுக்க ஒழுங்கையின் விபரம் கேட்டார். அம்மப்பா வாத்தியார், வடிவான எழுத்து. பெயர், வீடு, ஆட்தொகை, நாலாவது நிரலில் பிள்ளைகளின் வயது. பால்மா வந்தது. இரண்டு மாதத்தில் அந்தப் படைக்கும் இயக்கத்துக்கும் சண்டை தொடங்கிற்று. பட்டியல் எத்தனை கை மாறியதோ தெரியாது, யாரோ அதை வைத்துக்கொண்டு வந்து தியாகராசா மாமாவின் இரண்டு மகன்மாரையும் பெயரும் வயதும் வாசித்துக் கூட்டிப்போனார்கள். அவர்கள் திரும்பவில்லை. தாளைக் கண்ட மாமி எங்கள் படலையில் நின்று, வாத்தியார், அது உங்கட எழுத்தெல்லே என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அம்மப்பா பேனை தொடவில்லை, என் பள்ளிக்கூடப் படிவங்களில்கூட அம்மம்மாதான் கையொப்பமிட்டார்.

இனத்தைக் கேளாதே பிள்ளை. வெறுமையாய் விடு. கணினியில் பூட்டி வைத்திருக்கிறோம் என்பாய், திறப்பு நாளைக்கு யாரிடம் இருக்கும்? மேலிடம் கட்டாயப்படுத்தினால் வேலையை விட்டுவிட்டு வா, உன் அறை அப்படியேதான் இருக்கிறது. பிள்ளையைச் சும்மா பயப்படுத்தாதையும் என்று அப்பா சொல்கிறார். பயப்படத்தான் எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, காலுறையைப் போடு. பெரிதாகக் கும்பிடுகிறவள் அல்ல நான், ஆனாலும் நீ நன்றாய் இருக்க வேண்டும், உன் மேசைக்கு வருகிறவர்களும் நன்றாய் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் உன்னிடம் நான் சொன்னதில்லை. அந்தத் தாளில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறிக் கொடுத்தது நான். நாலாவது நிரலுக்கு இடம் காணாது என்று அம்மப்பா சொல்ல, அழித்துவிட்டு அகலமாய்க் கீறினேன்.

அன்புடன்,
அம்மா
யோகராணி